அரத்தையும் விஜியின் தொண்டையும்

கீழ்ப்பிரிவு, தலவாக்கலை
18.12.2024

அன்புத் தம்பி விஜேந்திரனுக்கு,

அக்கா பூரணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருந்தால் மனசு நிறையும். ஆனால் நீ சுகமாக இல்லை. போயா அன்று, பௌர்ணமி லீவில், போனில் பேசியபோதே தெரிந்துவிட்டது. தகரத்தில் மணலைத் தேய்க்கிற மாதிரி இருந்தது உன் குரல். நல்லதண்ணியில் மலை யாத்திரைச் சீசன் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மைக்கில் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாயா?

இத்துடன் காய்ந்த சித்தரத்தை அனுப்பியிருக்கிறேன். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர்க் கானோரம் நான் வைத்த பாத்திதான். இந்தக் குளிருக்கு மெதுவாகத்தான் பெருக்கிறது, இரண்டு வருஷம் காத்திருந்து தோண்டினேன். அடுப்புக்கு மேலே கட்டிய தட்டில் பத்து நாள் காய்ந்தது. ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொள். கடிக்காதே, உறைக்கும். ஊறுகிற தண்ணீரை மெல்ல விழுங்கு. மூன்று நாளில் குரல் மணி மாதிரி வரும்.

நான் சும்மா சொல்லவில்லை. போன மாதம் வேலாயியின் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. அரத்தைப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன், இரண்டே நாளில் இளகிவிட்டது. மழை நாளில் கொழுந்து பறிக்க மலையேறி எனக்கு முழங்கால் வீங்கினால் இதைத்தான் அரைத்துச் சூடாகப் பற்றுப் போடுகிறேன். இந்த லயத்தில் இருமல் என்றால் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் எனக்குப் போன் எடு.

பாசம் மாறாத அக்கா,
பூரணி

நல்லதண்ணி
02.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் மச்சானுக்கும் புது வருஷம் நல்லபடியாக அமையட்டும். பொதி கிடைத்தது. பிரித்ததுமே பக்கத்துத் தேநீர்க் கடை மெனிக்கே அக்கா மோப்பம் பிடித்து, "ஆ, ஹீன் அரத்த!" என்று ஓடிவந்தார், சிங்களத்தில் சித்தரத்தைக்கு அதுதான் பெயர். இரண்டு துண்டு கொடுத்தேன். இப்போது எனக்குத் தேநீர் இலவசம்.

தொண்டை பரவாயில்லை. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்.

ஒரு சின்ன விபத்து. என் போன் ஆற்றில் விழுந்துவிட்டது. புதிதாக வாங்கும்வரை கடிதம்தான். உங்கள் பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக விழும் என்பதால் வேறு யாரிடமாவது வாங்கி மெசேஜ் போடவும் வழியில்லை.

இங்கே சரியான கூட்டம். யாத்திரிகர் சங்கத்தின் கூடாரத்தில்தான் என் மைக்செட். மலைக்குப் போகிறவர்களில் நாளுக்குப் பத்துப் பேராவது தொலைகிறார்கள். நேற்று ஒரு பெரியவர் வந்து, "நான் தொலையல தம்பி, என் பொண்டாட்டிதான் தொலைஞ்சிட்டா" என்றார். அந்த அம்மா கடையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
விஜி

கீழ்ப்பிரிவு, தலவாக்கலை
12.01.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். பொங்கலுக்கு வாசல் மெழுகியாயிற்று, நீ வராததுதான் குறை. உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் ஆறு நாள் கிடந்து, பிறகு உன் மச்சான் ஃபாக்டரியிலிருந்து வரும்போது கொண்டுவந்தார்.

ஆற்றில் விழுந்த போன் இருக்கட்டும். அங்கே அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவருடைய போனில் இரண்டு நிமிஷம் பேச முடியாதா? "அவன் மைக்ல நாள் பூரா பேசிட்டு வாய் வலிச்சுப் போய்க் கிடப்பான், விடு" என்கிறார் உன் மச்சான். நான் விடுகிற ஆளா?

துண்டு மட்டும் போதாது போலிருக்கிறது, கஷாயமாகக் குடி. இரண்டு துண்டு அரத்தை, ஒரு துண்டு சுக்கு, ஐந்து மிளகு, ஒரு கை கொத்தமல்லி. எல்லாவற்றையும் தட்டிப் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை கொதிக்க விடு. காலையும் மாலையும் குடி. சர்க்கரை போட்டால் குணம் போய்விடும், பனங்கருப்பட்டி போடலாம். அப்பாவுக்கு நான் வைத்துக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும்.

சரி, வேலை கிடக்கிறது. இன்னொரு பொதியும் வைத்திருக்கிறேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அக்கா,
பூரணி

நல்லதண்ணி
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

கஷாயம் குடிக்கிறேன். காலை, மதியம், மாலை.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. அப்பாவுக்குக் குரல் மாறிய நாளிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள்வரை எத்தனை மாதம் ஆனது? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புத் தம்பி,
விஜி

கீழ்ப்பிரிவு, தலவாக்கலை
14.02.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த வாரம் கொழுந்து நன்றாக இருக்கிறது. ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று எங்களை வேறு மலைக்கு மாற்றினார்கள். வேலாயியின் பிள்ளை இப்போது லயமெல்லாம் ஓடித் திரிகிறது. அரத்தை இரண்டு தூர் புதிதாக நட்டேன். பழைய தூர் ஒன்று பூத்தது. வெள்ளைப் பூ, உதட்டில் சிவப்புக் கோடு. நீ பார்த்திருந்தால் படம் எடுத்திருப்பாய்.

சிவராத்திரிக்கு நம் தோட்டத்திலிருந்து தங்கவேலு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறான். அவனிடம் பெரிய பொதி கொடுத்துவிடுகிறேன். நாலு வேளையாகக் குடி. நிச்சயம் கேட்கும். நான் சொல்லிக் கேட்காத இருமலே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பூரணி

கீழ்ப்பிரிவு, தலவாக்கலை
01.03.2025

விஜேந்திரனுக்கு,

நலம் விசாரிக்கிற மாதிரியான மனநிலையில் நான் இல்லை.

தங்கவேலு திரும்பி வந்தான். "விஜி எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அக்கா, மைக்குல டிலானின்னு ஒரு பொம்பளப் புள்ள பேசுது. விஜி பக்கத்துல உக்காந்து தாள்ல எழுதி எழுதிக் குடுக்குறான். என்கிட்டயும் எழுதித்தான் காட்டுனான். வாயே தொறக்கல" என்றான். "போன்?" என்று கேட்டேன். "அவனோட பழைய போன் மேசையிலதான் இருந்துச்சு" என்றான்.

ஆற்றில் விழுந்த போன் மேசைக்கு ஏறி வந்துவிட்டதா?

என்ன நடந்தது என்று எழுது. ஒன்றையும் மறைக்காதே. பத்து நாளில் கடிதம் வராவிட்டால் நானே பஸ் ஏறுவேன்.

பூரணி

நல்லதண்ணி
08.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கோபமாக இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உண்மை இதுதான். தீபாவளிக்கு முன்பிருந்தே எனக்குத் தொண்டை கம்மிவிட்டது. கோயில் திருவிழாக்களில் கத்தியதால் என்று நினைத்தேன். புது வருஷம் வந்தபோது குரல் முழுவதும் போய்விட்டது. மூச்சுதான் வந்தது. அதனால்தான் போனை ஆற்றில் போட்டேன், கடிதத்தில் மட்டும்.

ஜனவரி கடைசியில் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் படம் பார்த்தார்கள். குரல்நாணில் ஒரு கட்டி. பட்டாணி அளவு. "வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்னவென்று தெரியும்" என்றார் டாக்டர். அதுவரை பேசவே கூடாது என்று கட்டளை. பெப்ரவரி இருபதாம் திகதிக்கு ஆபரேஷன் என்று எழுதித் தந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? ஒரு நாளைக்கு மூன்று கோப்பை கஷாயம் குடித்தேன். கட்டி கரைந்துவிடும், கத்தியே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. உங்கள் கை மருந்தல்லவா. காலையில் தொண்டை கொஞ்சம் இலேசாகும். அதைப் பிடித்துக்கொண்டே அந்த நாள் ஓடும்.

இருபதாம் திகதி வார்டில் படுத்திருந்தேன். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன். இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் என் முகத்துக்குக் கிட்டே குனிந்து முகர்ந்தார். "ஹீன் அரத்த நேத?" என்றார், சித்தரத்தைதானே என்று. மாட்டிக்கொண்டேன்.

டாக்டர் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே சொன்னார். "அரத்தை கெட்டதில்லை. எங்க வீட்டுலயும் இருக்கு. ஆனா இந்த மாதிரிக் கிழங்கு சில பேருக்கு இரத்தம் உறையிறதத் தாமதமாக்கலாம். உங்களுக்கு அப்படிச் செய்யுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண வச்சிக்கிட்டு உங்க தொண்டைக்குள்ள நான் கத்தி வைக்க மாட்டேன்." ஆபரேஷன் மார்ச் இருபதுக்குத் தள்ளிப் போனது. அன்றிலிருந்து நான் கஷாயத்தைத் தொடவில்லை. தங்கவேலு கொண்டுவந்த பொதி பிரிக்காமல் இருக்கிறது.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். அப்பாவைக் கொண்டுபோன தொண்டைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கியது. நான் சொன்னால் நீங்கள் இரவும் பகலும் அதையே நினைப்பீர்கள் என்று பயந்தேன். போன மாதம் நான் கேட்ட கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

உங்கள் தம்பி,
விஜி

கீழ்ப்பிரிவு, தலவாக்கலை
12.03.2025

என் தம்பி விஜிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்க இனி எனக்கு வேறு வார்த்தை வேண்டும். அதனால் நேரே வருகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஐந்து மாதமும் பதினொரு நாளும்.

என்னால் மறக்க முடியாத கணக்கு அது. பதினான்கு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன் மச்சானுக்குக்கூடத் தெரியாது.

அப்பாவுக்குக் குரல் கம்மி ஒரு மாதமானபோது, அப்போது தோட்டத்தில் இருந்த டிஸ்பென்சரி ஐயா ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார், கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி. அப்பாவோடு போனது நான்தான். வரும் வழியில் அப்பா, "கண்டிக்கெல்லாம் எதுக்கும்மா? ஒன் கஷாயமே போதும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது விஜி. அந்தத் துண்டை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். காலையில் குரல் தெளியும். அதைப் பார்த்து இன்னொரு வாரம் என்பேன். இப்படியே இன்னும் நாலு மாதம் ஓடியது. கடைசியில் கொண்டுபோனபோது, கண்டி டாக்டர், "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ பக்கத்தில் நின்றாய். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைத்தாய். உன்னை அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தில் 'காலையில் தொண்டை கொஞ்சம் இலேசாகும்' என்ற வரியைப் படித்தபோது அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று காலைப் பெரட்டில் பேர் பதிந்ததும் அரைநாள் லீவு போட்டு, டவுனில் இருக்கும் ஆயுர்வேத வைத்தியர் அம்மாவிடம் போனேன். ஒரு தூர் அரத்தையை மேசையில் வைத்து, "இது என்ன செய்யும், என்ன செய்யாது, ரெண்டையும் சொல்லுங்க" என்றேன். சொன்னார். சளியை இளக்கும். தொண்டை எரிச்சலை ஆற்றும். மூட்டு வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். வாய் நாற்றம் போக்கும். ஆனால் வளர்ந்த சதையைக் கரைக்காது. மேலே இருக்கிற வீக்கம் தணிவதால் குரல் கொஞ்சம் தெளியும், உள்ளே இருப்பது தன்பாட்டில் வளரும். "ரெண்டு வாரத்துக்கு மேல கம்மின குரலுக்கு நானே மருந்து குடுக்க மாட்டேம்மா. ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றார்.

அதனால் உன் அக்கா சொல்கிறேன், ஒரு துண்டுகூட வாயில் வைக்காதே. மெனிக்கே அக்காவிடம் பொதியைக் கொடுத்துவிடு. பத்தொன்பதாம் திகதியே நான் கண்டிக்கு வந்துவிடுவேன். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வந்து சேர்வதற்குள் நான் புறப்பட்டிருப்பேன்.

கட்டி வந்த இடத்தில் கத்தி பட்டால் சரியாகும். நீ நேரத்தோடு போயிருக்கிறாய். அந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா,
பூரணி

நல்லதண்ணி
11.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோருக்கும் சித்திரைப் புதுவருஷ வாழ்த்து. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பலகைக் கதிரையில் உட்கார்ந்தே கிடந்தீர்களே, முழங்கால் எப்படி இருக்கிறது?

முதலில் நல்ல செய்தி. பரிசோதனை முடிவு நேற்று கிடைத்தது. புற்றுநோய் இல்லை. கத்திக் கத்தி வந்த சதை வளர்ச்சிதான். 

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் நான் கண்டிக்குப் புறப்பட்ட காலையில்தான் கையில் கிடைத்தது. பஸ்ஸிலேயே படித்தேன். ஹட்டன் வருவதற்குள் நாலு தடவை படித்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை அக்கா. வார்டு வாசலில் நீங்கள் பையோடு நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களும் பார்த்தீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அது நல்லதாகப் போயிற்று. அந்த மூன்று நாளும் என்னால் பேச முடிந்திருந்தால், பிறகு திருப்பி வாங்க முடியாத வார்த்தைகளைப் பேசியிருப்பேன். எழுதிக் காட்டத் தாள் இருந்தது. இரண்டு தடவை எழுதவும் தொடங்கினேன். எழுதினால் அது தாளில் நிற்கும். கிழித்துவிட்டேன். நீங்கள் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கரண்டியால் ஊட்டினீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம் கூடியிருக்கும்.

நாலாம் நாள் நீங்கள் போன பிறகு ஒன்று புரிந்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். அந்த ஐந்து மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருந்தேன்? அப்பாவின் குரல் கம்மியதை நானும் கேட்டேன். குரலை வைத்துப் பிழைக்கிற எனக்கு அது சாதாரணமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். கஷாயம் வைத்துக் கொடுத்த ஒரு ஆளாவது வீட்டில் இருந்தார். நான் அதுகூடச் செய்யவில்லை.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இந்த வருஷம் நான் சொன்ன பொய் போதும். ஆனால் அது உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற கோபம் இல்லை.

பேச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம்தான். "பழைய குரல் திரும்ப வராது, வேறொரு குரல் வரும், அதோடு பழகிக்கொள்ளுங்கள்" என்கிறார் பயிற்சி தருகிற அம்மா. மைக்கில் டிலானியே தொடரட்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். நான் எழுதுகிறேன், அவள் வாசிக்கிறாள். ஒருவரும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் பொறாமை.

மே மாதத்தில் ஒரு நாள் அந்த ஐந்து நிமிஷத்தை உங்களுக்காக வைத்திருப்பேன்.

உங்கள் தம்பி,
விஜி

கீழ்ப்பிரிவு, தலவாக்கலை
25.05.2025

அன்புத் தம்பி விஜிக்கு,

நாங்கள் எல்லோரும் நலமே இருக்கிறோம், முழங்கால் தவிர. அதற்கு அரத்தைப் பற்று போட்டிருக்கிறேன், அது இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு என் மேல் கோபிக்காதே. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நம்பரைப் பார்க்கவில்லை. எடுத்தால், கனத்த குரலில் ஒரு ஆள், "அக்கா" என்கிறான். இந்த ஊரில் லோன் தருகிறோம் என்று தினமும் இப்படித்தான் யாராவது அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறார்கள். "எங்களுக்கு லோன் கீன் ஒண்ணும் வேணாம், வைங்க போன" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. எடுக்கவேயில்லை. மூன்றாவது தடவை உன் மச்சான் எடுத்துக் காதில் வைத்தார். அப்படியே என்னைப் பார்த்தார். "பூரணி, ஒன் தம்பிடி" என்றார்.

அந்த ஐந்து நிமிஷத்தில் நான் பேசினது எவ்வளவு, அழுதது எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அடுத்த நாளும் நீ கூப்பிட்டுப் பேசினாய். முந்தாநாளும் பேசினாய். இப்போது அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

போனில் சொல்ல நேரம் போதாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். நேற்று வேலாயி வந்தாள். "அக்கா, ஒரு துண்டு அரத்தை குடுங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டை கம்மிப்போச்சு" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது ஆச்சு, பொங்கல்லருந்து" என்றாள்.

"அரத்தை தர மாட்டேன்" என்றேன். அவளுக்கு அதிர்ச்சி. இருபது வருஷத்தில் இந்தக் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு ஒருவரும் போனதில்லை. "ஒங்கக்கிட்ட இல்லியா?" என்றாள். "பின்னால பாத்தி நிறைய இருக்கு. ஆனா இதுக்கு அது இல்ல" என்றேன். அவள் முகம் சுருங்கியது. என்னவோ பெருமை பிடித்துவிட்டது எனக்கு என்று நினைத்திருப்பாள்.

அவளை உட்கார வைத்து உன் கதையைச் சொன்னேன். பிறகு அப்பா கதையையும் சொன்னேன், சாமி படத்துக்குப் பின்னால் வைத்த துண்டு வரைக்கும். உன் மச்சான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் நேற்றுதான் தெரிந்தது. உள்ளே வந்து வேலாயிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இன்றைக்கு ஞாயிறு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வேலாயியின் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நான் கண்டிக்குப் போகிறேன். "எனக்கு ஒண்ணுமில்ல, ஒங்க கஷாயம் ஒரு வாரம் குடிச்சுப் பாக்கிறேனே" என்று அந்த மனுஷன் இன்றைக்கும் கெஞ்சுகிறார். நான் அசையவில்லை. டிஸ்பென்சரி ஐயாவிடம் துண்டு வாங்கியாயிற்று. அதை என் சட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நான் கண்டிக்குப் போய் வந்திருப்பேன். கிடைத்ததும் எனக்குப் போன் எடு.

உன் அக்கா,
பூரணி